அப்பாவும் நானும் பார்த்த 19 கீட்டன் படங்கள்

அமெரிக்க மௌனப் பட நகைச்சுவை நடிகரும் இயக்குநருமான பஸ்டர் கீட்டன் 1920 முதல் 1923 வரை தன் சொந்த ஸ்டுடியோவில் எடுத்த குறும்படங்கள் மொத்தம் 19. பெரும்பாலும் இரண்டு ரீல், ஒவ்வொன்றும் சுமார் 20 நிமிடம். வாரத்துக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காபி குடித்த கையோடு என்று வைத்துக்கொண்டு நானும் அப்பாவும் அத்தனையையும் பார்த்து முடித்தோம். நடுவில் சில வாரங்கள் தவறியதால் ஆறு மாதம் ஆனது. இந்தப் படங்களை வீட்டில் யாரோடாவது உட்கார்ந்து பார்க்க நினைப்பவர்களுக்கு, குறிப்பாக வயதான அப்பா அம்மாவோடு பார்க்க நினைப்பவர்களுக்கு, எங்களுக்குப் பிடிபட்டதைச் சொல்லலாம் என்று இதை எழுதுகிறேன்.

அப்பா 31 வருடம் தகடு அடிக்கும் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். பிரஸ் மெஷினுக்குப் பக்கத்திலேயே வேலை. அந்தக் காலத்தில் காதை அடைத்துக்கொண்டு வேலை செய்யும் பழக்கம் யாருக்கும் இல்லை. வேலையை விட்டபோதே பாதி கேட்கவில்லை. இப்போது 74 வயது. பக்கத்தில் நின்று கத்தினால் ஒன்றிரண்டு வார்த்தை போய்ச் சேரும். காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம். எல்லாச் சத்தமும் ஒண்ணா இரையுது என்று கழற்றி டப்பாவில் வைத்துவிட்டார். டிவியில் கிரிக்கெட் மட்டும்தான் பார்ப்பார். சீரியல், சினிமா, செய்தி எல்லாமே பேச்சு. வீட்டில் எல்லாரும் ஒரு காட்சிக்குச் சிரிக்கும்போது அவர் எங்கள் முகத்தைத்தான் பார்ப்பார், படத்தை இல்லை. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

கல்லூரி நாளில் கீட்டன் படம் ஒன்று பார்த்திருந்தேன். பேச்சில்லாத படம்தானே, அப்பாவுக்குச் சரியாக இருக்கும் என்று கீட்டன் குறும்படங்கள் என்று போட்டிருந்த ஒரு டிஸ்க் வாங்கினேன். முதல் ஞாயிறு வீணாய்ப் போனது. நான் போட்டது 1930-களில் வந்த பேசும் படம். கீட்டன் கரகரத்த குரலில் பேசிக்கொண்டே இருந்தார். அப்பா ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

அதனால் முதலில் வருடத்தைப் பாருங்கள். கீட்டன் என்ற பெயரில் வரும் குறும்படங்கள் எல்லாம் ஒரே ஜாதி இல்லை. 1917-ல் நியூயார்க்கில், அன்றைய பிரபல நகைச்சுவை நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிளின் படங்களில் துணை நடிகராக ஆரம்பித்தார். அது ஒரு காலம். 1920-ல் தயாரிப்பாளர் ஜோசப் ஷெங்க், சாப்ளின் முன்பு வேலை செய்த ஹாலிவுட் ஸ்டுடியோவை அவருக்கென்று ஏற்படுத்திக் கொடுத்தார். அங்கே எடுத்தவைதான் இந்த 19. 1928-ல் எம்ஜிஎம் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டதைத் தன் வாழ்க்கையின் பெரிய தவறு என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். சுதந்திரம் போனது, குடி கூடியது. 1934-லிருந்து 1937 வரை எஜுகேஷனல் நிறுவனத்துக்கு 16 பேசும் குறும்படங்கள், 1939-லிருந்து 1941 வரை கொலம்பியாவுக்கு 10. அவற்றிலும் நல்ல துண்டுகள் உண்டு. ஆனால் கீட்டனை முதன்முதலாகப் பார்ப்பவர் அங்கே தொடங்கக் கூடாது.

அடுத்த வாரம் "ஒன் வீக்" போட்டேன். 1920 செப்டம்பரில் வந்தது. அதற்கு முன்பே "தி ஹை சைன்" எடுத்து முடித்திருந்தார். திருப்தியில்லாமல் அதை ஒதுக்கி வைத்துவிட்டு இதை முதலாவதாக வெளியிட்டார். அந்தத் தீர்ப்பு எவ்வளவு சரி என்று அன்றைக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் தெரிந்தது.

கதை ஒரு வரி. புதுசாகக் கல்யாணமான ஜோடிக்கு ஒரு மனையும், பெட்டி பெட்டியாகப் பிரித்து அனுப்பப்பட்ட ஒரு வீடும் பரிசாக வருகின்றன. பெட்டிகளில் உள்ள எண் வரிசைப்படி பூட்டிக்கொள்ள வேண்டியதுதான். பெண்ணைக் கட்டிக்கொள்ள முடியாமல் போனவன் எண்களை மாற்றி எழுதிவிடுகிறான். வீடு கோணல்மாணலாக எழும்புகிறது. ஒவ்வொரு நாளும் காலண்டர் தாள் கிழிகிறது. இதில் எங்கேயும் பேச்சு தேவையில்லை. எண்ணை அழித்து எண் எழுதுவது உலகத்தில் யாருக்கும் புரியும்.

புயலில் வீடு ராட்டினம் மாதிரி சுற்ற ஆரம்பித்ததும் அப்பா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "ஏம்மா, நெஜமாவே வீட்டச் சுத்த விட்டிருக்கான். அடியில பேரிங் போட்டிருக்கான்" என்றார். அவர் சொன்னது சரி. அது பொம்மை வீடு இல்லை. முழு அளவு வீட்டைக் கட்டி, அடியில் சுழல்மேடை வைத்துச் சுற்றினார்கள். இந்த மாதிரி வேலைகளுக்கு ஃப்ரெட் கபூரி என்ற கெட்டிக்காரத் தொழில்நுட்ப ஆள் கீட்டனிடம் இருந்தார். மறுநாள் காலையில் அப்பா ஒரு தாளில் அந்த வீட்டின் அடிப்பாகத்தை வரைந்து வைத்திருந்தார்: நடுவில் ஒரு தண்டு, சுற்றி உருளைகள், பூமிக்கு அடியில் ஓடும் பெல்ட். அப்படித்தான் செய்தார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் வருடக்கணக்கில் பென்சில் எடுத்து எதையும் வரைந்ததில்லை.

வீட்டைக் கட்டி முடித்த பிறகுதான் மனை மாறிப்போனது தெரிகிறது. 66 என்ற பலகை தலைகீழாகத் தொங்கி 99 ஆகியிருந்தது. வீட்டைப் பீப்பாய்களின் மேல் ஏற்றி, காரில் கட்டி இழுத்துப் போகும்போது தண்டவாளத்தில் மாட்டிக்கொள்கிறது. ரயில் வருகிறது. அதற்குப் பிறகு நடப்பதை நான் சொல்லப்போவதில்லை. பார்க்காதவர்களுக்கு அந்த 30 விநாடியைக் கெடுக்கக் கூடாது. அப்பா நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார், விட்டார், அப்புறம் அவர் சிரித்த சிரிப்புக்கு அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

முன்கூட்டிக் கதை சொல்லக் கூடாது என்பதை அன்றைக்கே முடிவு செய்தேன். கீட்டனின் நகைச்சுவை, நாம் ஒன்றை எதிர்பார்த்திருக்கும்போது வேறொன்று வருவதில் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் "இப்ப பாரு, இப்ப பாரு" என்றால் எல்லாம் போயிற்று.

சரி, இனி நடைமுறை விஷயம். எங்கள் டிவி படத்தை இழுத்துத் திரை முழுக்கக் காட்டும் அமைப்பில் இருந்தது. அதில் கீட்டன் குட்டையாய்ப் பருமனாய்த் தெரிந்தார். அவரோ ஒல்லியான, கம்பி மாதிரி முறுக்கான உடம்புக்காரர். அதை மாற்றி "ஜூம்" என்று வைத்தால் தொப்பியும் காலும் வெட்டுப்பட்டன. மௌனப் படங்கள் 4:3 என்ற சதுரத்துக்குப் பக்கமான சட்டகத்தில் எடுக்கப்பட்டவை. இரண்டு பக்கமும் கறுப்பு விழட்டும், படத்தை அதன் அளவில் விடுங்கள். கீட்டன் பெரும்பாலும் கேமராவைத் தள்ளி வைத்து, தலையிலிருந்து கால் வரை தெரிய எடுப்பவர். விழுவதை ஒரே ஷாட்டில் முழுசாகக் காட்டினால்தான் நிஜமாகவே விழுந்தார் என்று ஜனங்கள் நம்புவார்கள் என்பது அவர் கணக்கு. காலை வெட்டினால் பாதி நகைச்சுவை போய்விடும்.

வேகமும் முக்கியம். அன்றைய கேமராவைக் கையால் சுற்றினார்கள். விநாடிக்கு இத்தனை சட்டகம் என்ற ஒரே நிலையான கணக்கு கிடையாது. அதை விநாடிக்கு 24 என்ற பிற்கால வேகத்தில் ஓட்டினால் எல்லாரும் துள்ளித் துள்ளி நடப்பார்கள். மௌனப் படம் என்றாலே அப்படித்தான் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நான் ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். யாராவது சாதாரணமாக நடக்கும் இடம், நாற்காலியில் உட்காரும் இடம், துணி கீழே விழும் இடம் இவற்றைப் பார்ப்பேன். அவை இயல்பாக இல்லை என்றால் பிளேயரில் வேகத்தை 0.75-க்குக் குறைப்பேன். துரத்தல் காட்சியை வைத்து அளக்க வேண்டாம். அவற்றை வேண்டுமென்றே கொஞ்சம் விரைவாகத் தெரியும்படி எடுத்தார்கள். வேகம் குறைத்த பிறகு அப்பாவுக்குக் கண் ஓய்ந்துபோவதும் நின்றது.

இந்தப் படங்களுக்கு அமெரிக்காவில் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. அதனால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அதனாலேயே யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் ஏற்றுகிறார்கள். வெளுத்த பிரதி, பாதியில் அறுந்த பிரதி, வண்ணம் பூசியது, கம்ப்யூட்டர் வைத்து வழவழப்பாக்கியது. வழவழப்பாக்கியதை ஒருமுறை போட்டேன். கீட்டனின் கண் வாய் எல்லாம் மெழுகு மாதிரி வழிந்தன. சிரிக்காத அந்த முகத்தில் கண் ஒன்றுதான் பேசும், அதையும் அழித்துவிட்டால் என்ன மிச்சம்? பாரிஸில் உள்ள லாப்ஸ்டர் ஃபிலிம்ஸ் இந்தக் குறும்படங்களைப் பல நாட்டுப் பிரதிகளை ஒப்பிட்டுச் சீரமைத்திருக்கிறது. கொஞ்சம் பணம் செலவானாலும் அந்த மாதிரிப் பிரதியைத் தேடுங்கள். கல் முகம் என்று பேர் வாங்கிய அந்த முகம் கல் இல்லை என்பது அதில்தான் தெரியும்.

காட்சிகளுக்கு நடுவே பேச்சையும் விளக்கத்தையும் காட்டும் எழுத்து அட்டைகள் ஆங்கிலத்தில் வரும். அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. இதற்கு நான் கண்டுபிடித்த வழி ஒரு பள்ளிக்கூட நோட்டு. படத்தை முந்தின நாள் நான் மட்டும் பார்த்து, கட்டாயம் தேவைப்படும் அட்டைகளை மட்டும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வைப்பேன். பெரும்பாலும் ஐந்தாறு வரிதான். எழுத்து அட்டைகளை முடிந்த மட்டும் குறைப்பதில் கீட்டன் பிடிவாதமாக இருந்தவர். மற்றவர்கள் ஒரு முழுநீளப் படத்துக்கு 240 அட்டை போடும்போது தான் போட்டதில் அதிகபட்சமே 56 என்று ஒரு பேட்டியில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

நோட்டு கட்டாயம் தேவைப்பட்டது "தி போட்" படத்துக்கு, 1921. வீட்டுக்குள் படகைக் கட்டிவிட்டு, வாசலை விடப் படகு பெரிசாகிப்போய், இழுக்கும்போது வீடே சரிந்து விழுகிறது. கடலில் இறக்கினால் படகு கம்பீரமாக வழுக்கிக்கொண்டு போய் அப்படியே மூழ்குகிறது. மேலே நிற்கும் கீட்டன் அசையவில்லை. இதற்கெல்லாம் விளக்கம் வேண்டாம். ஆனால் படகின் பெயர் "டேம்ஃபினோ". "யாருக்குத் தெரியும்" என்பதை ஆங்கிலத்தில் கொச்சையாகச் சொன்னால் அப்படி ஒலிக்கும். புயலில் ரேடியோவில் படகின் பெயரைக் கேட்டவனுக்கு அது பதிலாகப் போகிறது; கடைசிக் காட்சியும் இதன் மேல்தான் நிற்கிறது. இந்த ஒன்றை மட்டும் படத்துக்கு முன்பே எழுதிக் காட்டினேன். காட்டியிருக்காவிட்டால் முடிவு அப்பாவுக்கு வெறும் இருட்டாகத்தான் இருந்திருக்கும்.

அப்பாவுக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது "தி கோட்", அதுவும் 1921. அதில் ஒரு லிஃப்ட் வருகிறது. எந்த மாடி என்று காட்டும் முள் வாசலுக்கு மேலே இருக்கும் அல்லவா? கீட்டன் அந்த முள்ளைக் கையால் நகர்த்துகிறார். லிஃப்ட் அதற்குக் கட்டுப்பட்டு ஏறி இறங்குகிறது. "முள்ளு லிஃப்டைக் காட்டணும். இவன் முள்ள வெச்சு லிஃப்டை ஓட்றான்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பட்டறையில் அளவுமானியைத் தட்டி அழுத்தத்தைக் குறைக்கப் பார்த்த ஒரு பையனின் கதையை அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சொன்னார். கீட்டனின் உலகத்தில் மெஷின்கள் எப்போதும் ஒழுங்காகத்தான் வேலை செய்கின்றன. மனுஷன் நினைத்த ஒழுங்கில் இல்லை, அவ்வளவுதான். பட்டறைக்காரருக்கு அது உடனே புரிகிறது.

"தி பிளேஹவுஸ்" பார்க்கும்போது அப்பா ரொம்ப நேரம் பேசவே இல்லை. நாடகக் கொட்டகையில் மேடையில் இருப்பவர், வாத்தியக்காரர்கள், பால்கனியில் இருக்கும் சீமாட்டி, குழந்தை எல்லாமே கீட்டன். ஒரே சட்டகத்தில் ஒன்பது கீட்டன்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். லென்ஸுக்கு முன்னால் ஒன்பது பட்டைகளாகத் திறந்து மூடும் மறைப்பு ஒன்றை வைத்து, ஒரு பட்டையைத் திறந்து எடுத்து, ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, அடுத்த பட்டையைத் திறந்து மறுபடி எடுத்து, இப்படி ஒன்பது தடவை. ஒளிப்பதிவாளர் எல்ஜின் லெஸ்லி கையால் சுற்றிய வேகம் ஒன்பது தடவையும் ஒன்றுபோல இருந்தாக வேண்டும். கீட்டன் தாளம் தவறாமலிருக்க மெட்ரோனோம் வைத்துக்கொண்டார். இதை நோட்டில் படமாகப் போட்டு விளக்கினேன். அப்பா படித்துவிட்டு, கேமராவைச் சுற்றிய ஆளின் பெயர் என்ன என்று மட்டும் கேட்டார்.

இந்தப் படம் உருவானதற்கே ஒரு காயம் காரணம். "தி எலெக்ட்ரிக் ஹவுஸ்" எடுக்கும்போது நகரும் படிக்கட்டில் செருப்பு மாட்டி கீட்டனின் கணுக்கால் உடைந்தது. குதித்து விழ முடியாத காலத்தில் கேமரா தந்திரத்தை நம்பி "தி பிளேஹவுஸ்" எடுத்தார். கால் சரியான பிறகு 1922-ல் "தி எலெக்ட்ரிக் ஹவுஸை" முதலிலிருந்து மறுபடி எடுத்தார். இரண்டையும் அடுத்தடுத்த வாரங்களில் பாருங்கள் என்பேன்.

குழந்தைகளோடு பார்ப்பவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். "ஹார்ட் லக்" படத்தின் தொடக்கம் முழுக்க, வேலையும் காதலும் போன ஒருவன் தற்கொலைக்கு முயன்று முயன்று தோற்பதுதான். அன்றைக்கு அக்கா மகன் வந்திருந்தான், ஒன்பது வயது. பாதியில் நிறுத்திவிட்டேன். "கன்விக்ட் 13"-ல் தூக்கு மேடை வருகிறது. "தி பிளேஹவுஸில்" நான் சொன்ன ஒன்பது பேரும் முகத்தில் கறுப்பு பூசியிருக்கிறார்கள். அன்றைய அமெரிக்க மேடையில் வெள்ளைக்காரர்கள் கறுப்பினத்தவரைக் கேலி செய்து நடத்திய ஒரு வகை நிகழ்ச்சி அது. தந்திரம் பிரமாதம், அந்தப் பூச்சு அவமானம். இரண்டையும் சேர்த்தே பையனிடம் சொன்னேன், புரிந்துகொண்டான். "தி ஃப்ரோஸன் நார்த்" எங்களுக்கு எடுபடவில்லை. அந்தக் காலத்து கௌபாய் நடிகர் வில்லியம் ஹார்ட்டைக் கிண்டல் செய்யும் படம் அது; ஹார்ட்டைத் தெரியாமல் அதை ரசிப்பது கஷ்டம். "தி பிளாக்ஸ்மித்" இரண்டு வடிவத்தில் கிடைக்கிறது. நீங்கள் பார்த்ததும் நண்பர் பார்த்ததும் ஒத்துப்போகவில்லை என்றால் குழம்ப வேண்டாம்.

"காப்ஸ்" பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1922. நூற்றுக்கணக்கான போலீஸ்காரர்கள் ஒரே ஒரு மனிதனைத் துரத்துகிறார்கள். முதல் காட்சியில் கீட்டன் கம்பிக்குப் பின்னால் நிற்கிறார். சிறை என்று நினைப்போம், காதலி வீட்டு கேட். ஓடும் காரை ஒற்றைக் கையால் பிடித்து, காற்றில் கிடைமட்டமாகப் பறந்து மறைவார். அதை மூன்று தடவை திரும்பப் போட்டுப் பார்த்தோம். ஆனால் கடைசியில் அவரே போலீஸ் நிலையத்துக்குள் போய்விடுகிறார்; முடிவு ஒரு கல்லறைக் கல். அதன் மேல் அவருடைய தட்டைத் தொப்பி. அப்பா கொஞ்ச நேரம் அந்தக் கல்லையே பார்த்தார். "ஓடி ஓடித் தப்பிச்சவன் ஏன் தானா உள்ள போறான்?" என்றார். அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டதால்தான் என்று நோட்டில் எழுதினேன். படித்துவிட்டு நோட்டை மூடி என்னிடம் கொடுத்தார். இந்தப் படத்தை வரிசையில் முதலாவதாகப் போடாதீர்கள். பத்துப் படமாவது பார்த்து அந்த மனிதரோடு பழகிய பிறகு பார்த்தால்தான் அந்தத் தொப்பி நெஞ்சில் இறங்கும்.

இசை பற்றி ஒன்று. அன்றைய தியேட்டர்களில் பியானோவோ ஆர்கனோ நேரில் வாசித்தார்கள். இந்தப் படங்கள் சத்தமே இல்லாமல் ஓடியவை அல்ல. ஆனாலும் ஒரு ஞாயிறு, அப்பா பார்க்கிற மாதிரியே பார்க்கலாம் என்று நான் ஒலியை முழுசாக அணைத்தேன். "தி ஸ்கேர்குரோ" ஓடியது. நான் ஏற்கெனவே பார்த்த படம். இரண்டு பேர் குடியிருக்கும் ஒற்றை அறை வீடு. உப்பு, மிளகு, குழம்பு எல்லாம் உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்குகின்றன. கிராமஃபோனைத் திறந்தால் அடுப்பு. பலகையில் அடித்து வைத்த தட்டுகளைப் பலகையோடு கழுவிச் சுவரில் மாட்டிவிடுகிறார்கள். முதல் தடவை இசையோடு பார்த்தபோது வேடிக்கையாக இருந்தது. சத்தமில்லாமல் பார்த்தபோது இரண்டு ஆட்களும் ஒருவருக்கொருவர் கயிற்றை வீசிப் பிடிப்பதில் உள்ள தாளம் கண்ணில் பட்டது. அது எவ்வளவு நாள் ஒத்திகை! இசை எனக்கு அதைச் செய்து கொடுத்துவிட்டதால் நான் பார்க்காமலே இருந்திருக்கிறேன். ஒவ்வொரு படத்தையும் ஒரு தடவையாவது ஒலி இல்லாமல் பாருங்கள்.

அன்றைக்குத்தான் இன்னொரு விஷயத்தையும் நோட்டில் எழுதினேன். கீட்டன் 1918-ல் ராணுவத்தில் சேர்க்கப்பட்டு பிரான்ஸ் போனார். அங்கே குளிரிலும் ஈரத்திலும் படுத்து காதில் தொற்று வந்து கேட்கும் திறன் வெகுவாகக் குறைந்தது. பிற்பாடு ஓரளவு சரியானாலும் முழுசாகத் திரும்பவில்லை. இந்தப் படங்கள் எல்லாம் அதற்குப் பிறகு எடுத்தவை. அப்பா அந்த வரியின் கீழ் விரலை வைத்து இரண்டு தடவை படித்தார். "ம்" என்றார். அடுத்த வாரத்திலிருந்து "அந்த ஆள்" என்பது மாறி "நம்ம ஆள்" ஆகிவிட்டது.

19-ம் முடிந்த பிறகு, அடுத்த ஞாயிறு சும்மா இருக்க மனம் வரவில்லை. "தி ரெயில்ராடர்" போட்டேன். 1965-ல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் வெளியிட்ட வண்ணக் குறும்படம், ஜெரால்ட் பாட்டர்டன் இயக்கியது. அதிலும் கீட்டன் பேசுவதில்லை. தண்டவாளத்தைப் பராமரிப்பவர்கள் ஓட்டும் சின்ன மோட்டார் வண்டியில் ஏறி நாடு முழுக்கக் கிழக்கிலிருந்து மேற்காகப் போகிறார். எடுக்கும்போது அவருக்கு 69 வயது. உயரமான பாலத்தின் மேல் ஓடும் வண்டியில், விரித்த பெரிய வரைபடம் உடம்பில் சுற்றிக்கொண்டு முன்னால் இருப்பது தெரியாமல் நிற்பார். ஆபத்து என்று இயக்குநர் தயங்க, அப்படித்தான் செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துச் செய்தார். 1966 பிப்ரவரியில் இறந்துபோனார்.

அப்பாவுக்கு முதலில் ஆளை அடையாளம் தெரியவில்லை. முகமெல்லாம் சுருக்கம், உடம்பு கனத்துவிட்டது. தொப்பியைப் பார்த்ததும் நிமிர்ந்தார். வண்டியில் ஒரு பெட்டி இருக்கிறது. கீட்டன் அதற்குள் கை விட்டு டீ சாமான் எடுக்கிறார், போர்வை எடுக்கிறார், சமைக்கிறார், துவைக்கிறார். தேவைப்படுவது எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள்.

அப்பா என் கையைத் தட்டினார். நோட்டை வாங்கிப் பின்னால் புரட்டி, "தி ஸ்கேர்குரோ" என்று நான் எழுதியிருந்த பக்கத்தைத் தேடி எடுத்தார். கயிற்றில் தொங்கும் உப்புக் குப்பியை அன்றைக்கு அவரே அதில் வரைந்திருந்தார். அதையும் திரையையும் மாறி மாறிக் காட்டி, "அதே வீடுதாம்மா. சக்கரம் வெச்சுட்டான்" என்றார்.